கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பவர்கள்

கம்ப்யூட்டர்களுக்கு வாய் இருந்த காலம் அது. இப்போது போல மூலையில் உட்கார்ந்து விளக்கை மட்டும் சிமிட்டிக்கொண்டு ஊமைச்சாமியாராக இருக்கவில்லை. பிளாப்பியைச் செருகினால் கரகரவென்று தொண்டையைச் செருமும். டெலிபோன் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியூர் மெஷின்களோடு கீச்சுக்குரலில் சண்டை போடும். மனிதர் பேச்சுக்கு மனிதர் பேச்சிலேயே பதில் சொல்லும். ஆனால் அவற்றுக்கு ஒரு தர்மம் உண்டு. கேட்டதற்குப் பதில் சொல்லலாம், கேட்காததற்கு வாய் திறக்கக் கூடாது. ஒருவர் ஒப்படைத்த ரகசியச் சொல்லை இன்னொருவரிடம் எந்தக் காரணத்துக்காகவும் சொல்லவே கூடாது.

அந்தக் காலத்தில் மணல்முட்டம் என்ற கடற்கரை ஊரில் பிரிஜித்தா என்று ஒருத்தி இருந்தாள். மீன் ஏலம் விடுகிறவள். அவள் வாய்க்குப் பயந்தே வியாபாரிகள் சாளை மீனைச் சாளை என்றும் பாறை மீனைப் பாறை என்றும் சொன்னார்கள். அப்பன் வைத்துவிட்டுப் போனது ஒன்றுமில்லை. தொண்டை ஒன்றுதான் முதல். அந்தத் தொண்டை கிழியக் கத்தித்தான் புருஷன் தொபியாசுக்கு ஒரு வள்ளம் வாங்கிக் கொடுத்திருந்தாள்.

டவுனில் ஓர் இறால் கம்பெனி இழுத்து மூடப்பட்டபோது, வாசலில் கிடந்த கம்ப்யூட்டரை ஒரு கூடை சீலா மீனுக்குப் பேரம் பேசித் தூக்கி வந்தாள். கம்பெனியில் இருந்தபோது அந்தப் பெட்டி டெலிபோன் வழியாகப் பட்டணத்து வானிலை ஆபீசைக் கேட்டு, காற்று எப்படி, அலை எப்படி என்று சொல்லும். அவள் காதாலேயே கேட்டிருக்கிறாள். ஏலக்கூடத்தில் வைத்து, மேலே குழாய் ஸ்பீக்கரைக் கட்டிவிட்டால் கரை முழுக்கக் கேட்குமே என்பது அவள் கணக்கு.

சுவிட்சைப் போட்டதும் பெட்டி சொன்னது: “என் உரிமம் முடிந்துவிட்டது. என்னைச் செய்த கம்பெனியிடம் புதுச் சாவி வாங்கி வா.”

“உன்னைத்தான் நான் வாங்கிட்டேனே.”

“பெட்டியை வாங்கினாய். உள்ளே ஓடுவது அவர்களுடையது.”

பிரிஜித்தாவுக்குச் சுள்ளென்று ஏறியது. “மீனை வித்தவன் வாங்கினவ வீட்டு அடுப்படியில வந்து நின்னுக்கிட்டு, என்னைக் கேக்காம குழம்பு வைக்காதேன்னு சொல்லுவானா? எந்த ஊரு நியாயம் இது?”

பெட்டி, “என் உரிமம் முடிந்துவிட்டது” என்று திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பித்தது.

மீன் வாங்கக் கரைக்கு வந்திருந்த கிளாரன்ஸ் இந்தக் கூச்சலைக் கேட்டுத்தான் வந்து சேர்ந்தான். டவுனில் ரேடியோ, டிவி பழுதுபார்க்கிற கடைக்காரன். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூட்டிக் கிடக்கிற கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் அவனும் இன்னும் கொஞ்சம் பேரும் கூடுவார்கள். அச்சாபீஸ்காரர் வருவார், பால் சொசைட்டி அம்மா வருவார், பள்ளிக்கூடத்து கணக்கு வாத்தியார் நாலு செத்த மெஷின்களை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வருவார். எல்லாவற்றிலும், கம்ப்யூட்டரை ஓட்டுகிற லினக்ஸ் என்ற இலவச மென்பொருளை ஏற்றி உயிர் கொடுத்து அனுப்புவார்கள். கிளாரன்ஸின் பையிலும் ஒரு சிடி இருந்தது. அதன் மேல் லினக்ஸின் அடையாளமான, வயிறு பெருத்த ஒரு பென்குவின்.

“இதைப் போட்டா ஓடும்க்கா. யாரையும் சாவி கேக்க வேண்டாம். குழம்பு மட்டும் இல்ல, எப்படி வச்சாங்கன்னும் சேர்த்தே கொடுத்திருவாங்க. உப்பு பத்தலைன்னா நீங்களே போட்டுக்கலாம்.”

“சும்மா கொடுக்கிறவன் எங்கயாச்சும் கொக்கி வச்சிருப்பானே?”

“ஒரே கொக்கிதான். நமக்குத் திறந்து கொடுத்ததை நாம அடுத்தவங்களுக்கு மூடி வைக்கக் கூடாது.”

இதை அவள் மனசில் போட்டு வைத்துக்கொண்டாள். பேரத்தில் சொன்ன சொல் எதையும் மறக்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

கிளாரன்ஸ் நல்லவன். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவன் விரல்கள் அவனைவிட அவசரக்காரர்கள். “நவுருங்கக்கா” என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான் என்றால், கீபோர்டின் மேல் கோடை மழை மாதிரி சடசடவென்று ஒரு சத்தம். அது அடங்குவதற்குள் வேலை முடிந்துவிடும். அன்றும் அப்படித்தான் முடிந்தது. மறுநாள் விடியலில் குழாய் ஸ்பீக்கர் ஒரு தரம் செருமிவிட்டு, “வாடைக் காற்று. மிதமான வேகம். கடலுக்குப் போகலாம்” என்று சொன்னது. கரையில் நின்ற ஆண்கள் அண்ணாந்து பார்த்தார்கள். ஒரு கிழவர் சிலுவை போட்டுக்கொண்டார்.

அந்த விடியல்களை நினைத்தால் இப்போதும் ஊருக்குள் பெருமூச்சு விடுகிறவர்கள் உண்டு. பெட்டி டெலிபோனில் கீச்சிட்டுச் சண்டை போட்டு முடிக்கும்வரை எல்லாரும் கட்டங்காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ஏலக்கூடத்து வாசலில் நிற்பார்கள். “இன்னைக்கு பட்டணத்துக்காரன்கிட்ட என்ன வாங்கிக் கட்டிக்கிதோ” என்று சிரிப்பார்கள். ஓய்ந்த நேரத்தில் பிரிஜித்தா அதோடு வம்பளப்பாள். “நீ மீன் தின்னிருக்கியா?” என்பாள். “இல்லை” என்று சொல்லும். “பாவப்பட்ட ஜென்மம்” என்று துணியால் அதன் தலையைத் துடைத்துவிடுவாள்.

இடையில் பெட்டி மக்கர் பண்ணும். கிளாரன்ஸ் வருவான், நவுருங்கக்கா என்பான், சடசட, முடிந்தது. “என்ன செஞ்சே?” என்று கேட்டால், “சின்ன விஷயம்க்கா, உங்களுக்கு எதுக்கு அந்தத் தலைவலி” என்று டீயைக் குடித்துவிட்டுப் போவான். அவளும் விட்டுவிட்டாள். கூப்பிட்டால் வருகிறான், பிறகென்ன.

ஐப்பசியில் ஒரு நாள் மத்தியானம் இடி இறங்கியது. கரண்ட் போய் வந்தது. மறுநாள் விடியலில் ஸ்பீக்கர் பேசவில்லை.

பிரிஜித்தா பெட்டியின் முன்னால் போய் நின்றாள். “காத்து என்ன சொல்லுது?”

“காற்று இன்னும் வந்து சேரவில்லை” என்றது பெட்டி. “பட்டணத்துக்குப் போய்க் கேட்டு வருகிற வேலையாள் எனக்குள் ஒருவன் உண்டு. கரண்ட் போனபோது படுத்தவன் எழுந்திருக்கவில்லை.”

“எழுப்பேன்.”

“ரகசியச் சொல்லை அடி. எழுப்புகிறேன்.”

“என்ன சொல்லு அது?”

“கிளாரன்ஸ் ஒப்படைத்தது. சொல்ல மாட்டேன்.”

டெலிபோனை எடுத்து கிளாரன்ஸின் கடைக்குச் சுழற்றினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வேளாங்கண்ணிக்குப் போகிறேன் என்று முந்தின வாரம் அவன் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

வெளியே வந்து ஏலம் விடுகிற குரலில் கத்தினாள். “யாரும் போகாதீங்க. பெட்டி சொன்ன பிறகு போகலாம்.”

மற்றவர்கள் வலையை இறக்கி வைத்தார்கள். தொபியாஸ் வைக்கவில்லை. ஊரே பார்க்கிறது. பெண்டாட்டியின் பெட்டிக்குக் கட்டுப்பட்டவன் என்ற பெயர் அவனுக்கு ஏற்கெனவே கடற்கரையில் இருந்தது.

“நேத்து நல்லாத்தானே சொன்னிச்சு? உன் பெட்டிக்கு வாய் வலிச்சா நான் பட்டினி கிடக்கணுமா?”

“ஒரு மணி நேரம் பொறுங்களேன்.”

“மீனு பொறுக்குமா உனக்காக?”

வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான்.

அவள் திரும்பி ஓடி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அதற்கு முன்னால் அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்ததே இல்லை. கிளாரன்ஸின் விரல்கள் எங்கெங்கே விழுந்தன என்று கண்ணை மூடி யோசித்தாள். மழைதான் ஞாபகம் வந்தது. துளி ஒன்றுகூட வரவில்லை. தோன்றியதையெல்லாம் அடித்தாள். அவன் பெயர், அவன் கடையின் பெயர், மாதாவின் பெயர்.

“இல்லை” என்றது பெட்டி. “இல்லை. இல்லை.”

“என் புருஷன் கடலுக்குப் போயிட்டாரு.”

“கேட்டது. சொல்ல மாட்டேன்.”

“நீ நல்லாயிருப்பியா?” என்றாள். அதற்கும் பெட்டி, “ரகசியச் சொல்லை அடி” என்றது.

வெயில் ஏறுவதற்குள் காற்று திரும்பியது. கொண்டல் என்கிற கீழைக்காற்று அடித்துத் தூக்கியது. கரையில் தூக்கிக் கட்டியிருந்த கூரைகள் பறந்தன. தொபியாஸ் சாயங்காலம் ஒரு துடுப்பைக் கட்டிப்பிடித்தபடி, தோள்பட்டை பிசகி, பக்கத்து ஊர்க் கரையில் ஒதுங்கினான். வள்ளம் கடலுக்குள் கிடக்கும் பாறைப் பாரில் மோதிச் சிதறிப்போனது. பலகை ஒன்றுகூடத் திரும்பவில்லை.

கிளாரன்ஸ் விஷயம் கேள்விப்பட்டு, பஸ்ஸை விட்டு இறங்கிய கையோடு மணல்முட்டத்துக்கு ஓடி வந்தான். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

“அக்கா, நான் இருந்திருந்தா ஒரு நிமிஷ வேலைக்கா. நவுருங்க, முதல்ல அதைச் சரி பண்ணிர்றேன்.”

கை கீபோர்டுக்கு நீண்டது.

பிரிஜித்தா கத்தவில்லை. மூலையில் கிடந்த நைலான் கயிற்றை எடுத்தாள். அவன் நீட்டிய கையைப் பிடித்து முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். மற்ற கையையும் சேர்த்து, மீன் கூடையை இறுக்குகிற மாதிரி சுற்றி முடிச்சுப் போட்டாள்.

“அக்கா, என்னக்கா இது?”

“உக்காராதே. நில்லு.” அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். “எனக்கு உன் கை வேண்டாம் தம்பி. வாய் மட்டும் போதும். சொல்லு, நான் அடிக்கிறேன்.”

“நீங்க ஒவ்வொரு எழுத்தாத் தேடி அடிச்சா ரொம்ப நேரம் ஆகும்க்கா.”

“துடுப்பைப் பிடிச்சுக்கிட்டு கிடந்த மனுஷனுக்கும் ரொம்ப நேரந்தான் ஆச்சு.”

கிளாரன்ஸ் தலை குனிந்தான். பிறகு மெதுவாகப் பேரத்துக்கு வந்தான். “எல்லாத்தையும் தாள்ல எழுதித் தந்திர்றேன். கட்டை அவிழ்த்து விடுங்க.”

“எழுதினா அது உனக்குத் தெரிஞ்சது. அடிச்சாத்தான் எனக்குத் தெரிஞ்சது. வேற சொல்லு.”

“முக்கியமானதை மட்டும் சொல்லித் தர்றேன்.”

“எது முக்கியம்னு கடல் வந்து உன்கிட்ட சொல்லிச்சா? ஒண்ணு விடாம சொல்லு.” அவள் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள். “திறந்து கொடுத்ததை மூடி வைக்கக் கூடாதுன்னு முதல் நாள் எங்கிட்ட சொன்னவன் நீ. அந்தக் கம்பெனிக்காரன் சாவியைப் போட்டுப் பூட்டினான். நீ ஆசையா வந்து, டீயும் குடிச்சுக்கிட்டு, உன் விரலை வச்சுப் பூட்டிட்டே. எனக்கு ரெண்டும் பூட்டுதான்டா.”

கிளாரன்ஸின் கண்ணில் தண்ணீர் வந்தது. துடைக்கக் கை இல்லை.

வாசலில் தோளில் கட்டோடு உட்கார்ந்திருந்த தொபியாஸ் சொன்னான்: “கட்டு இறுக்கமா இருக்கா வே? அன்னைக்கு விடியக்கால இவ என்னைக் கட்டியிருந்தா, நம்ம வள்ளம் கரையில நிக்கும்.”

பிறகு கிளாரன்ஸ் ரகசியச் சொல்லைச் சொன்னான். ஏலக்கூடத்தில் இருந்த எல்லாருக்கும் கேட்டது. பிரிஜித்தா மீன்பெட்டிகளின் மேல் அச்சடித்த எழுத்துகளைப் பார்த்துப் பார்த்து இங்கிலீஷ் எழுத்து பழகியவள். ஒவ்வொன்றாகத் தேடி ஒற்றை விரலால் அடித்தாள். கிளாரன்ஸின் தோள் துடித்தது. “அந்தப் பக்கம் இல்லக்கா, இந்தப் பக்கம்” என்று மோவாயால் காட்டினான். தப்பாக அடித்தாள், பெட்டி “இல்லை” என்றது, திரும்ப அடித்தாள். வேலையாள் எழுந்தான். டெலிபோன் கீச்சிட்டது. ஸ்பீக்கர் செருமியது.

“நிறுத்து” என்றாள் பிரிஜித்தா. “மறுபடி படுக்க வை. மறுபடி எழுப்பணும்.”

படுக்க வைத்து எழுப்பினாள். திரும்பவும் படுக்க வைத்து எழுப்பினாள். விரலுக்கு வழி தெரியும்வரை அவனை விடவில்லை.

கடைசியாக ரகசியச் சொல்லை மாற்றுகிற இடம் வந்தது. போய்விட்ட வள்ளத்தின் பெயரை வைக்கப் போனாள். “ஊருக்கே தெரிஞ்ச பேருக்கா அது” என்றான் கிளாரன்ஸ். பிறகு அவனைச் சுவர்ப்பக்கம் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு வேறொன்று வைத்தாள். அது என்னவென்று இந்தக் கதையைச் சொல்கிறவர்களுக்கும் தெரியாது.

அப்புறம்தான் கட்டை அவிழ்த்தாள். டீ வாங்கிக் கொடுத்தாள். கிளாரன்ஸ் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே குடித்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்துக் கூடத்தில் அவன் மணிக்கட்டுத் தழும்பைப் பார்த்து எல்லாரும் கேட்டார்கள். அவன் மறைக்காமல் சொன்னான். பால் சொசைட்டி அம்மா முதலில் சிரித்தார். பிறகு, “எனக்கும் அப்படித்தான்ப்பா. நீங்க வந்து சரிபண்ணிட்டுப் போவீங்க. மறுநாள் பாலைக் கொண்டுவந்தவங்க முன்னால நான் முழிச்சுக்கிட்டு நிப்பேன்” என்றார். அச்சாபீஸ்காரர் ஆமாம் என்றார். கணக்கு வாத்தியார் அந்த நேரத்தில் யாருடைய கீபோர்டிலோ கையை வைத்திருந்தார். சுடுபாத்திரத்திலிருந்து எடுப்பது போல எடுத்துக்கொண்டார்.

பிரிஜித்தாவும் வந்திருந்தாள். பக்கத்து ஊரிலிருந்து ஒருவன் ஐஸ் பேக்டரிக் கம்ப்யூட்டரைத் தோளில் தூக்கி வந்து, “அக்கா, இது எழுந்திருக்க மாட்டேங்குதே” என்று நின்றான். அவளுக்கு உள்ளே என்னவென்று பார்த்ததுமே தெரிந்தது. ஒரே தட்டு. அவ்வளவுதான். விரல் துறுதுறுத்தது. “நவுரு” என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

கையைப் பின்னால் கொண்டுபோய், ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டாள்.

“நீ உக்காரு. நான் சொல்றேன்.”

பிறகு ஊர் ஊராக எல்லாருக்கும் விரல் பழகிவிட்டது. மெஷின்களிடம் வாயால் கேட்கிறவர்கள் குறைந்தார்கள். கேட்காததற்கு வாய் திறக்கக் கூடாது என்பது அவற்றின் தர்மம் இல்லையா, அவையும் மெல்ல மெல்லப் பேச்சை விட்டன. சொல்ல வேண்டியதை எழுத்தில் சொல்லின. மணல்முட்டத்துப் பெட்டி காற்றை எழுத்தில் காட்ட, பிரிஜித்தாவே மைக்கைப் பிடித்துக் கரைக்குச் சொன்னாள். அவள் குரல் இன்னும் தூரம் கேட்டது. ஆனால் ஓய்ந்த நேரத்தில் துணியால் பெட்டியைத் துடைக்கும்போது, “மீன் தின்னிருக்கியா?” என்று வாயால் ஒரு தரம் கேட்பாள். உள்ளே காற்றாடி சுற்றுகிற சத்தம் மட்டும் வரும். சற்று நேரம் கேட்டுக்கொண்டு நிற்பாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தொடங்கிய வழக்கம்தான் இது: லினக்ஸ்காரர்கள் கூடுகிற இடத்தில் உதவிக்கு வருகிறவர் அடுத்தவர் கீபோர்டைத் தொடமாட்டார், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்று வாயால்தான் சொல்வார். சிடியின் மேலிருக்கிற அந்தப் பென்குவினும் எதையும் தொடாமல் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது அதனால்தான் என்று மணல்முட்டத்தில் சத்தியம் செய்வார்கள்.