பாறைவரை போக முடியாத கரடி

மலை நடுவே மின்சாரம் எடுக்கிற ஓர் அணை இருந்தது. அதன் நீர்த்தேக்கத்தில் ஒரு நீர்நாய்க் குடும்பம் குடியிருந்தது. குடும்பத்துக்குத் தலைவி நீலாயி. சுத்தம் என்றால் உயிரை விடுவாள்.

அணை கட்டும்போது நீலாயி இருந்த கரையில் காட்டை அடியோடு வெட்டிவிட்டார்கள். பிறகு தைலமரக் கன்றுகளைக் கொண்டுவந்து வரிசையாக நட்டார்கள். பாதி பட்டுப்போனது. மீதி, தன் காலடியில் ஒரு புல்லைக்கூட வாழவிடவில்லை. மழை பெய்தால் போதும், செம்மண் கரைந்து தண்ணீரில் இறங்கிவிடும்.

"அம்மா, மீனையே காணலியே!" என்று குட்டிகள் வெறும் வாயோடு மேலே வந்தன.

"கண்ணத் தொறந்து பாருங்க!"

"தொறந்துதான் பாக்கோம். கேப்பைக் கூழுக்குள்ள முங்கின மாதிரி இருக்கு!"

குட்டிகளுக்கு விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. பெற்ற வயிறு சும்மா இருக்குமா? நீலாயி எதிர்க்கரைக்கு நீந்திப் போனாள். அங்கே பழைய காடு கொஞ்சம் மிச்சம் இருந்தது. மஞ்சமூக்கன் என்ற இருவாச்சிப் பறவையும், மொந்தையன் என்ற கரடியும் ஓர் அத்திமரத்தில் பழம் தின்றுகொண்டிருந்தார்கள்.

"எங்க கரையிலயும் காடு வரணும். அதுக்கு என்ன செய்யணும்?" என்று கேட்டாள் நீலாயி.

"அது ஒண்ணும் பெரிய காரியம் இல்ல மதினி!" என்றது இருவாச்சி. "நாங்க பழந்தின்னிக. நாங்க போக வர இருந்தா, அந்த இடத்துல காடு தானா வந்துரும். எப்படி வருதுன்னு மட்டும் கேக்காதீங்க. எங்களுக்கே தெரியாது!"

"அப்ப நாளைக்கே வாங்க!"

"அங்க கரையான் புத்து இருக்கா?" என்று கேட்டது கரடி.

"மலை பூராவும் புத்துதான் அண்ணாச்சி!"

மறுநாளே இரண்டும் வந்தன. வயிறு நிறையப் பழத்தோடுதான் வந்தன. வந்தவர்களை உட்காரச் சொல்வதற்கு முன்பே நீலாயி சட்டம் பேசினாள்.

"இங்க ஒரே ஒரு கட்டுப்பாடு. எங்க வம்சத்துல எல்லாரும் வெளிக்கிப் போறது தண்ணியோரத்துல தெரியுதே, அந்தப் பாறையில மட்டுந்தான். நீங்களும் அங்கதான் போகணும். கொட்டையத் துப்பினாலும் அங்கதான் துப்பணும்!"

நீர்நாய்கள் அப்படித்தான். ஒரு பாறையைக் குறித்துவைத்துக்கொண்டு, கிழடு முதல் குட்டிவரை அங்கேயே போகும். அவர்களுக்கு அது நல்ல வழக்கம். விருந்தாளிகளுக்கு அது எவ்வளவு தொல்லை என்று நீலாயி யோசிக்கவே இல்லை.

பாவம் மொந்தையன்! மேட்டில் புற்றைக் கிளறிக்கொண்டிருப்பான். திடீரென்று வயிறு கலக்கும். அவ்வளவுதான், சரிவில் உருண்டு புரண்டு பாறைக்கு ஓடுவான். இருவாச்சியும் தொண்டையில் கொட்டையை வைத்துக்கொண்டு பாறைவரை பறந்து போய்த் துப்பும். வெயிலில் கொட்டைகள் காய்ந்தன. மழையில் தண்ணீருக்குள் அடித்துக்கொண்டு போயின. கழுவி விட்டது போல் இருந்த பாறையைப் பார்த்து, "ஆகா, என்ன சுத்தம்!" என்று நீலாயி பூரித்துப்போனாள்.

ஒரு வருஷம் ஓடியது. சரிவில் ஒரு செடிகூட முளைக்கவில்லை. குட்டிகள் இன்னும் இளைத்தன.

"காடு வரும் வரும்னீங்களே, எங்க? கரையான் திங்கதுக்குத்தான் வந்தீங்களா?" என்று நீலாயி சீறினாள். "இந்த ஐப்பசி மழைக்கும் தண்ணி கலங்குச்சுன்னா, நாங்க ஊரைவிட்டே போறோம்!"

இருவாச்சி தலையைத் தொங்கப்போட்டது.

ஆடி மாதம். எதிர்க்கரையில் நாவல் பழுத்துக் கொட்டியது. மொந்தையன் அளவில்லாமல் தின்றுவிட்டு இக்கரைக்கு வந்தான். பாதி மேடு ஏறியதுமே வயிறு கடமுடவென்றது. பாறையைப் பார்த்தான். அது எங்கேயோ கீழே இருந்தது.

"ஐயையோ, தாங்காதே!"

தாங்கவில்லை. மொந்தையனுக்கு மானம் போய்விட்டது. அவசர அவசரமாகக் கால் நகத்தால் மண்ணைப் பறித்து எல்லாவற்றையும் மூடினான். அந்தப் பருவம் முடியும்வரை இதே கதைதான். தினமும் ஓடுவான், முடியாது, மண்ணைப் போட்டு மூடுவான். யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஐப்பசி பிறந்தது. மழை பிடித்துக்கொண்டது. தண்ணீர் மறுபடியும் கூழாகிவிட்டது. நீலாயி அழுதுகொண்டே குட்டிகளைக் கூட்டிக்கொண்டு சரிவில் ஏறினாள். மேட்டைத் தாண்டினால் வேறு ஏதாவது ஆறு இருக்காதா என்ற நப்பாசைதான்.

பாதி வழியில் நின்றாள். எங்கும் செம்மண் தண்ணீர் ஓடியது. ஓர் இடத்தில் மட்டும் தெளிந்த தண்ணீர் இறங்கிவந்தது! அதற்கு மேலே, சாண் உயரத்தில், கும்பலாக நாவல் கன்றுகள். அவற்றின் வேர்கள் மண்ணை இறுகப் பிடித்திருந்தன.

"இது யாரு வேலை?" என்று நீலாயி கத்தினாள்.

புற்றுக்குப் பின்னாலிருந்து, "நான் இல்ல மதினி!" என்று ஒரு குரல் வந்தது.

"அண்ணாச்சி, வெளிய வாங்க!"

"சத்தியமா நான் பாறைக்குத்தான் போனேன்!"

"பொய் சொல்லாதீங்க!"

மொந்தையன் தலைகுனிந்து வந்தான். "நாவப்பழம் கொஞ்சம் கூடிப்போச்சு. பாறை ரொம்பத் தூரம். இங்கயே போயி மண்ணப் போட்டு மூடிட்டேன். மன்னிச்சிருங்க மதினி!"

நீலாயி ஓடிப்போய் அவன் காலைக் கட்டிக்கொண்டாள். "நான்லா மன்னிப்புக் கேக்கணும்! கொட்டையா வந்த காட்டையெல்லாம் பாறையில கொட்டச் சொன்னது நான்தானே! இனி அந்தப் பாறை எங்களுக்கு மட்டுந்தான். நீங்க எங்க வேணும்னாலும் போங்க அண்ணாச்சி!"

"எங்க வேணும்னாலுமா?" மொந்தையனுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இருவாச்சி வானத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, சரிவு முழுக்கக் கொட்டையைத் துப்பிக்கொண்டே போனது.

இரண்டு மழை கழித்து, அணையில் வேலை பார்க்கும் இருவர் படகில் வந்தார்கள்.

"ஏல பேச்சிமுத்து, நாம வச்ச தைலமரம் பட்டுக் கெடக்கு. இந்த நாவலும் அத்தியும் யாருல வச்சது?"

"தெரியலியே அண்ணாச்சி. எவனோ நல்ல கைராசிக்காரன்!"

"இனி தைலம் வேண்டாம்ல. இந்த மலையில வெளஞ்ச மரத்தையே வைப்போம்."

"கைராசி இல்ல..." என்று புதருக்குள்ளிருந்து மொந்தையன் எழுந்தான். நீலாயி பாய்ந்து அவன் வாயைப் பொத்தினாள்.

தெளிந்த தண்ணீருக்குள்ளிருந்து குட்டிகள் ஆளுக்கொரு மீனோடு மேலே வந்தன. எல்லோருக்கும் கன்னம் உப்பியிருந்தது.

தனக்கு ஒத்துவரும் வழக்கத்தை எல்லோர் தலையிலும் கட்டுகிறவர், தமக்கு வரவேண்டிய நன்மையைத் தாமே தடுத்துக்கொள்கிறார்.