அவை வாசலில் நின்ற கோபம்

"வழி விடு, கல்வுஸ்!"

"விடுகிறேன், அரசே. அதை மட்டும் வெளியே—"

"உன் தலை போகும்!"

"—வெளியே வைத்துவிட்டு வாருங்கள்."

"எதை?"

"கோபத்தை."

முன்னொரு காலத்தில் ரோமாபுரிச் சக்கரவர்த்தியும் அவருடைய விகடகவி கல்வுஸும் அவை வாசலில் இப்படி மல்லுக்கு நின்றார்கள். காரணம் இதுதான். சக்கரவர்த்திக்கு ஆகாத ஒருவர் இறந்துபோனார். இறந்தவரின் இளவயது நண்பர் அவிலியஸ், அவையின் மூத்தவர், செய்தி கேட்டு அவை நடுவிலேயே அழுதுவிட்டார். அழுதது ஒரு குற்றமா, சொல்லுங்கள்!

அமைச்சர் பாசஸ் கொளுத்திப் போட்டார். "பகைவனுக்கு அழுகிறவன் துரோகி, அரசே. உணர்ச்சியோடு எவரும் அவைக்குள் நுழையக் கூடாதென்று ஆணையிடுங்கள். வாசலில் கல்வுஸ் நின்று சோதிக்கட்டும்."

சக்கரவர்த்தியும் அப்படியே ஆணையிட்டு, அவிலியஸை மறுநாள் அவையில் விசாரிப்பதாகச் சொன்னார். அவிலியஸுக்கோ அழுகை நிற்கவில்லை. உள்ளே வர முடியாவிட்டால் விசாரணையே இல்லாமல் மரணம். அந்தக் கதவைக் கல்வுஸ் கையாலேயே சாத்த வைப்பதுதான் பாசஸின் திட்டம்.

"நானாவது போகலாமா?" என்றார் வாசலில் அரசர் பின்னால் நின்ற பாசஸ்.

"பொறாமையைக் கழற்றிவிட்டுப் போங்கள், அமைச்சரே."

"எனக்கு ஏது பொறாமை?"

"விருந்தில் அரசர் பக்கத்து இருக்கை அவிலியஸுக்குப் போனபோது, ஒரு வாய் உணவு இறங்காமல் கிடந்தது யார்? நானா?"

சக்கரவர்த்தி குறுக்கிட்டார். "அவிலியஸ் என் நண்பன்! என் பகைவனுக்காக அழுதிருக்கிறான். எனக்கு வலிக்காதா?"

"வலிக்கும், அரசே. அந்த வலியும் வெளியேதான் நிற்க வேண்டும். ஆணை தங்களுடையது."

"எல்லோரையும் நிறுத்திவிட்டாயே! உள்ளே யார்தான் இருக்கிறார்கள்?"

"சலவைக்கல் சிலைகள். கோபமில்லை, கண்ணீரில்லை. தீர்ப்பை அவற்றிடமே கேட்போமா?"

சக்கரவர்த்தி எட்டிப் பார்த்தார். ஆளில்லாத மண்டபத்தில் மூக்குடைந்த சிலையொன்று அவரையே முறைத்தது. அவருக்குச் சிரிப்புப் பீறிட்டது.

"ஆணை ரத்து! அவிலியஸ் வீட்டுக்குப் போகட்டும். கல்வுஸ், இந்தா, என் மோதிரம்."

கல்வுஸ் கை நீட்டவில்லை. சிரிக்கவும் இல்லை.

"செத்துப்போன நண்பனுக்காக அழத் தெரிந்தவர் இந்த அவையில் ஒரே ஒருவர். அவரையும் கொன்றிருந்தால், நாளை உங்கள் சிதைக்கு முன்னால் யார் அழுதிருப்பார்கள், அரசே?"