வத்சலா வீட்டு அட்ஜஸ்ட்மென்ட்

“உன் புருஷன் கருமாதியும் என் பொண்ணு நிச்சயதார்த்தமும் ஒரே நாள்லயா வரணும்? கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிட்டு வந்து சமைச்சுக் குடு!”

எதிர்ஃபிளாட் வத்சலா சமையல்காரி தனபாக்கியத்திடம் இப்படித்தான் கத்தினாள், ஒரு வார்த்தை நான் கூட்டவில்லை. கான்வென்டில் எனக்கு ‘அட்ஜஸ்ட்’ என்ற சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான் சொல்லிக்கொடுத்தார்கள். வத்சலா வீட்டில் அது தனபாக்கியம் ஊசின குழம்பைச் சாப்பிடுவது, காய்ச்சலோடு பாத்திரம் தேய்ப்பது, இப்போது இது.

“வர்றேம்மா. தீட்டுக் கையாலயே பாயசம் கிண்டறேன். சம்பந்தி வீட்டுல கேட்டா அவங்களையும் அட்ஜஸ்ட் பண்ணிக்கச் சொல்லுங்க.”

வத்சலாவுக்கு முகம் வெளுத்தது. “ஐயோ, வேண்டாம்! லீவு எடுத்துக்கோ!” என்று கதவைச் சாத்தினாள்.

தனபாக்கியம் சாத்திய கதவிடம் கேட்டாள். “லிஃப்ட் நின்னப்ப உங்க மாமியாரைத் தோள்ல தூக்கிட்டு இறங்கினவரும்மா எம் புருஷன். கருமாதிக்கு ஒரு நிமிஷம் வந்து நின்னுட்டுப் போங்களேன்.”