கூரைக்கு ஒரு கூரை

அரைக்காணிப்பட்டியில் புத்தி விளையவில்லை என்று யாரும் குறை சொல்ல முடியாது. விளைந்ததையெல்லாம் வெளியூருக்கு ஏற்றி அனுப்பிவிட்டு, களத்தில் சிந்திக் கிடந்ததைக் கூட்டி அள்ளி ஒரு தர்ம சங்கம் வைத்தார்கள். ஏழைகளுக்கு வீடு கட்டித் தரும் சங்கம். தலைவர் ஆவுடையப்பன், அரிசி மில் முதலாளி. செயலாளர் தர்மக்கண், பாத்திரக் கடைக்காரர். உறுப்பினர் பிச்சைக்கனி, தலைவர் எதைச் சொன்னாலும் முதலில் தலையாட்டிவிட்டு அப்புறம் "என்ன சொன்னிய?" என்று கேட்கிறவர்.

இந்த மூன்று பேரிடமும் வீடு கேட்டுப் போய் மாட்டிக்கொண்டவள் முப்பிடாதி.

பாவம், அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை. புருஷன் லாரியில் மூட்டை ஏற்றப் போனால் எப்போது வருவான் என்று லாரிக்கே தெரியாது. மகள் மாரிச்செல்வி பக்கத்து ஊரில் வாக்கப்பட்டு, தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு வர வேண்டிய நேரம். கூட்டிப்போக நாள் பேச வந்த சம்பந்தியம்மாள் பூரணத்துக்கு முப்பிடாதி காப்பி கொடுத்தாள். வெளியே சும்மா ஒரு தூறல். குடிசைக் கூரையிலிருந்து ஒரு சொட்டு, குறி பார்த்து விட்ட மாதிரி, காப்பிக்குள் விழுந்தது. பூரணம் டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

"தப்பா எடுத்துக்கிடாதிய மதினி. பச்சப்பிள்ளைய இந்த ஒழுகலுக்குள்ள போட நான் சம்மதிக்க மாட்டேன். ஒழுகாத வீடு இருந்தா வந்து கூட்டிட்டுப் போங்க. இல்லன்னா எல்லாம் எங்க வீட்டுலயே நடக்கட்டும்."

முதல் பேரப்பிள்ளையை அடுத்த வீட்டு ஆள்போல வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு வருவதா? அடைமழை தொடங்க அதிக நாள் இல்லை. முப்பிடாதி முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு சங்கத்துக்குப் போனாள்.

சங்கத்தார் உடனே கிளம்பி வந்தார்கள். பிச்சைக்கனி தன் போனில் குடிசையையும் அதன் முன்னால் முப்பிடாதியையும் படம் எடுத்தார். அன்றைக்கும் தூறல்தான். படத்தில் கூரை ஒழுகுவதுகூடத் தெளிவாக விழுந்தது என்று மூவருக்கும் பரம சந்தோஷம்.

வீட்டுக்கு வேண்டிய சிமெண்டும் தகரமும் கொடுத்தது பட்டணத்துப் பெரிய டிரஸ்ட். அங்கிருந்து வந்த அம்மாள் மூன்று விஷயங்களைச் சொல்லிவிட்டுப் போனாள். கட்டுகிற வீட்டில் அந்தக் குடும்பத்தின் வியர்வையும் இருக்க வேண்டும். நன்கொடை கொடுத்தவர்களில் யாரையும் யாருக்கும் கீழே வைக்கக் கூடாது. கட்டி முடித்ததோடு விட்டுவிடாமல், அந்தக் குடும்பத்தின் மேல் எப்போதும் கண் இருக்க வேண்டும். நல்ல வார்த்தைகள்தான். யாரிடம் சொல்லுகிறோம் என்று அந்த அம்மாள் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்திருக்கலாம்.

வேலை தொடங்கிய அன்றைக்கு முப்பிடாதி சும்மாட்டைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு செங்கல் சுமக்க வந்து நின்றாள். தர்மக்கண் பதறிப்போய்த் தடுத்தார்.

"ஏ தாயி, கல்லத் தொடாத! அது கூலியாளு வேல. ஒன் வேல வேர்க்கதுதான்."

"கல்லு சொமந்தா தானா வேர்க்கப்போவுது அண்ணாச்சி."

"வேர்க்கும். ஆனா மண்ணுல சிந்தி வீணாப் போயிருமே! டிரஸ்ட்டுக்கு யாரு பதில் சொல்லுதது?"

தம் கடையிலிருந்து ஒரு புது எவர்சில்வர் டம்ளர் கொண்டுவந்திருந்தார். உச்சி வெயிலில் ஒரு நாற்காலி போட்டு முப்பிடாதியை உட்காரவைத்தார்கள். பிச்சைக்கனி பக்கத்தில் நின்று அவள் நாடிக்குக் கீழே, முகத்து வியர்வை சொட்டுகிற இடத்தில், டம்ளரைப் பிடித்துக்கொண்டார். அவருக்கும்தான் வியர்த்துக் கொட்டியது. அதில் ஒரு சொட்டு தவறி விழுந்ததும் தலைவர் டம்ளரைப் பிடுங்கிக் கவிழ்த்துவிட்டு, "கலப்படம்!" என்று சத்தம் போட்டார். மறுபடி முதலிலிருந்து. இப்படிச் சேர்த்ததைக் கலவையில் ஊற்றிய பிறகுதான் சுயம்புக் கொத்தனாரைக் கரண்டியைத் தொட விட்டார்கள். அத்தனை நேரமும் முப்பிடாதி நாற்காலியில் உட்கார்ந்து, இந்த மூன்று பேரையும் பெற்றவர்களை நினைத்துப் பரிதாபப்பட்டாள்.

அடுத்தது செங்கல். ஒவ்வொரு செங்கல்லும் உள்ளூரில் ஒருவர் கொடுத்தது. கொடுத்தவர் பெயரைக் கல்லின் முகத்தில் பெயிண்டால் எழுதியிருந்தார்கள். கொத்தனார் முதல் வரிசையை வைத்து முடித்து இரண்டாவது வரிசைக்கு ஒரு கல்லை எடுத்தார்.

"நிறுத்தும்!" என்றார் தலைவர். "அது யாரு கல்லு?"

"பலசரக்குக் கடைக்காரரு கல்லு."

"அதுக்குக் கீழ இருக்கது?"

"ஜவுளிக் கடைக்காரரு."

"ஜவுளிக்காரரு தலையில பலசரக்குக்காரர ஏத்துதீரே, நாளைக்கு அவரு மூஞ்சில நான் எப்படி முழிக்கது? யாரையும் யாருக்கும் கீழ வைக்கக் கூடாதுன்னு அந்த அம்மா படிச்சுப் படிச்சுச் சொன்னாகளே!"

கொத்தனார் கரண்டியைக் கீழே போட்டார். "ஒண்ணு மேல ஒண்ணு வச்சாத்தான் அண்ணாச்சி அதுக்குப் பேரு சுவரு."

மூவரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஆலோசித்தார்கள். கல்லைச் செங்குத்தாக நிறுத்தலாமா என்றார் தர்மக்கண். அப்போதும் அடுத்த கல் அதன் தலையில்தானே ஏறும் என்றார் தலைவர். பிச்சைக்கனி இரண்டு பேருக்கும் தலையாட்டினார். கடைசியில் தலைவருக்கே ஞானம் பிறந்தது.

"எல்லாத்தையும் ஒரே வரிசையா வச்சிருவோம். எல்லாரும் சமம். ஒருத்தர் வாயத் தொறக்க முடியாது."

அப்படியே வைத்தார்கள். வரிசை முப்பிடாதியின் மனையைச் சுற்றி வந்தது. கல் தீரவில்லை. வேப்பமரத்தைச் சுற்றியது, அடிகுழாயைச் சுற்றியது, பக்கத்துப் பனங்காட்டுக்குள் புகுந்து திரும்பி வந்தது. வீடு விசாலம் என்றால் அப்படி ஒரு விசாலம். உயரம் மட்டும் ஒரு செங்கல். நடுவில் நிலையையும் கதவையும் தனியாக நிறுத்திப் பூட்டும் போட்டார்கள்.

"கூர எங்க அண்ணாச்சி?" என்று கேட்டாள் முப்பிடாதி.

"இந்த அகலத்துக்குக் கூர போட நம்ம ஜில்லாவுல தகரம் பத்தாது தாயி. மொதல்ல குடி போ. போகப் போகப் பாத்துக்கிடலாம்."

திறப்பு விழா தடபுடலாக நடந்தது. மூன்று பேரின் முகத்தையும் போட்டு, ஒவ்வொரு முகமும் கட்டில் அகலத்துக்கு வரும்படி, பெரிய பிளெக்ஸ் ஒன்று கட்டினார்கள். முப்பிடாதிக்கு மாலை போட்டு, கையில் சாவியைக் கொடுத்து, கைதட்டினார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு வெள்ளாடு சுவரைத் தாண்டி உள்ளே போய்விட்டது. "வாசல் இருக்கும்போது சுவரேறிக் குதிக்குது பாரு, மரியாத கெட்ட ஆடு" என்று தலைவர் வைதார். கதவைத் திறந்து அதை வெளியே அனுப்பிவிட்டு மறுபடி பூட்டினார்கள்.

எல்லாரும் போன பிறகு முப்பிடாதி அந்த ஒரு செங்கல் சுவர்மேலேயே உட்கார்ந்து அழுதாள். மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. மகள் வரமாட்டாள் என்பது அவளுக்கு நிச்சயமாகிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தவள் பிளெக்ஸைப் பார்த்தாள். மூன்று முகமும் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தன. ஆத்திரத்தில் கிழித்துப்போடத்தான் எழுந்தாள். கையில் பிடித்துப் பார்த்தால் நல்ல கெட்டி.

அவிழ்த்துக் கொண்டுபோய்க் குடிசைமேல் முகங்கள் வானத்தைப் பார்க்கும்படி விரித்து, நாலு மூலையிலும் இழுத்துக் கட்டினாள். மழை கொட்டித் தீர்த்தது. உள்ளே ஒரு பொட்டு ஈரம் இல்லை. இவர்கள் முகத்தால் ஊருக்கு இப்படி ஒரு பிரயோஜனம் உண்டு என்று யார் கண்டது!

மழை விட்டதும் சங்கத்தார் குடையோடு ஓடி வந்தார்கள். குடிசையை அண்ணாந்து பார்த்த பிச்சைக்கனி வாயில் அடித்துக்கொண்டார்.

"ஐயோ, தலைவரு நனைஞ்சுட்டாரே!"

"எனக்கு அப்பவே ஒடம்பெல்லாம் சில்லுன்னு இருந்துச்சு. என்னன்னு தெரியாம இருந்தேன்" என்றார் தலைவர்.

"மேல குடையப் பிடிக்கச் சொல்லுவமா?" என்றார் தர்மக்கண்.

"முழுநேரமும் யாரு பிடிக்கது? நம்ம முகத்துக்கு மேல ஒரு தகரக் கூர போட்டுருவோம். டிரஸ்ட்டு குடுத்த தகரம் சும்மாத்தானே கெடக்கு" என்றார் தலைவர்.

முப்பிடாதி அவர்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அழுகை எல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

"தகரம் போட்டாச் சாரல் அடிக்காதா அண்ணாச்சி? பக்கவாட்டுல காத்து பிடுங்குனா ஒங்க மூக்குல்லா மொதல்ல கிழியும்?"

தலைவர் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "நாலு பக்கமும் சுவரு எழுப்பணும்."

"கல்லுக்கு எங்க போக?" என்றார் தர்மக்கண்.

"அந்தா வரிசையா கெடக்கே."

"ஒண்ணுக்குமேல ஒண்ணு வைக்கக் கூடாதே அண்ணாச்சி!"

தலைவர் யோசித்தார். "அது இந்தப் பிள்ளைக்கு வீடு கட்டுதப்போ. இது நம்ம முகத்துக்குக் கட்டுதது. நமக்குக் கீழ எத்தன பேரு இருந்தா என்ன? அதுதானே மொற!" என்றார். பிச்சைக்கனி மூன்று தடவை தலையாட்டினார்.

சுயம்புக் கொத்தனார் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. குடிசையை நடுவில் விட்டுச் சுற்றிலும் நெடுநெடுவென்று சுவரை எழுப்பி, பூசி, தகரக் கூரையும் போட்டுவிட்டார். யாராவது பிளெக்ஸைத் திருடிப் போய்விட்டால் என்ன செய்வது என்று கவலைப்பட்டு, தனியாக நின்ற நிலையையும் கதவையும் பிடுங்கி வந்து அதிலேயே பொருத்தினார்கள். இருட்டில் முகம் தெரியாதே என்று லைட்டும் போட்டார்கள். ராப்பகலாகக் காவலுக்கு நம்பிக்கையான ஆள் வேண்டும் என்று தேடி, சாவியை முப்பிடாதியிடமே கொடுத்தார்கள். அவளும் மிகவும் யோசிப்பது போல யோசித்துத்தான் வாங்கிக்கொண்டாள்.

பூரணம் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தாள். கூரையைப் பார்த்தாள்.

"என்ன மதினி, வீட்டுக்குள்ள ஒரு குடிசை நிக்கி? அதும்மேல மூணு தல சிரிக்கி?"

"திருஷ்டிக்கு வச்சிருக்கு மதினி" என்றாள் முப்பிடாதி. பூரணத்துக்குப் பரம திருப்தி. மாரிச்செல்வி வந்து சேர்ந்தாள். ஆஸ்பத்திரியில் பெண்குழந்தை பெற்று, அடைமழைக்குள்ளேயே இந்த வீட்டுக்குத் திரும்பி வந்தாள். தகரத்தில் மழை முழங்க முழங்க, பேத்தி தொட்டிலில் காய்ந்த துணியில் தூங்கியது. முப்பிடாதி அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட மறந்துபோனாள்.

மழை ஓய்ந்த ஒருநாள் சங்கத்தார் தங்கள் முகங்களை நலம் விசாரிக்க வந்தார்கள். தலைவர் சுற்றிலும் பார்த்துவிட்டுக் கண்கலங்கினார்.

"நம்ம படத்துக்கு இம்புட்டுப் பெரிய கட்டடம். இந்த முப்பிடாதிக்கு இன்னும் ஒரு வீடு இல்லையேப்பா!"

"அவ மேல எப்பவும் கண்ணு இருக்கணும்னு சொன்னாகளே" என்றார் தர்மக்கண். "நம்ம கண்ணு ஆறும் தகரத்தப் பாத்துக்கிட்டுல்லா இருக்கு!"

உடனே ஏற்பாடு நடந்தது. ஆரம்பத்தில் குடிசை முன்னால் முப்பிடாதியை நிறுத்திப் பிச்சைக்கனி எடுத்த போட்டோவைப் பெரிதாக அச்சடித்து வந்து, தகரத்தின் உட்பக்கம், மூன்று முகங்களுக்கும் நேர் எதிரே, கீழே பார்க்கும்படி ஒட்டினார்கள். இனி ஒரு நிமிஷம்கூட அவள்மேல் இருந்து கண் எடுக்க முடியாது. மனம் நிறைந்து கிளம்பும்போது பிச்சைக்கனி அண்ணாந்து பார்த்துவிட்டு அலறினார்.

"அண்ணாச்சி! படத்துல இருக்க குடிசை ஒழுகுதே!"

மூவரும் பார்த்தார்கள். ஒழுகத்தான் செய்தது. அங்கேயே கூட்டம் கூட்டி, படத்தில் இருக்கிறவளுக்கு உடனே ஒரு வீடு கட்டித் தருவது என்று முடிவு செய்தார்கள். முப்பிடாதிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, பழைய டம்ளரை எடுத்து வந்து நாடிக்குக் கீழே பிடித்தாள்.

"இந்தா அண்ணாச்சி, வேர்க்கட்டுமா?"

"நீ எதுக்குத் தாயி?" என்று தலைவர் டம்ளரை வாங்கிக்கொண்டார். "வீடு அவளுக்கு. அவ வேர்வதானே இருக்கணும்?"

ஏணியைச் சாத்தி ஏறி, படத்து முப்பிடாதியின் நாடிக்குக் கீழே டம்ளரைப் பிடித்தார். தர்மக்கண் ஏணியைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்துப் பிச்சைக்கனி கீழேயிருந்து கேட்டார்.

"வேர்க்குதா அண்ணாச்சி?"

"எப்படிவே வேர்க்கும்? நிழல்ல இருக்காளே!" என்றார் தலைவர். "ஏறி அந்தத் தகரத்தக் கழத்தும்!"