முகம் பார்த்த முள்

ஓர் ஊரில் தேவசேனா என்றொருத்தி சொந்தமாகச் சாயப்பட்டறை வைத்தாள். கூலிக்குத் துணி அலசிக்கொண்டிருந்தவள், ஆறே வருடத்தில் நாற்பது பேருக்கு வேலை கொடுக்கும் முதலாளி ஆனாள். நல்ல உழைப்பாளி, நாணயமானவள். குறை ஒன்றுதான். கெட்ட சேதி வந்தால், அதைக் கொண்டுவந்தவர் மேல்தான் அவளுக்குக் கோபம் பொங்கும்.

பட்டறையின் பின்பக்கம் ஒரு பாய்லர் இருந்தது. அதன் நெற்றியில் மீட்டர், மீட்டருக்குள் ஒரு முள். ஆவியின் அழுத்தம் ஏறினால் பச்சையிலிருந்து சிவப்புக்கு நகர்வது முள்ளின் வேலை. அளவு மீறினால் ஆவியை வெளியே விடுவது உச்சியில் இருந்த வால்வின் வேலை.

ஒரு பங்குனி மதியம் முள் சிவப்பைத் தொட்டது.

"அம்மா, அழுத்தம் ஜாஸ்தியா இருக்கு. அடுப்பைக் கொஞ்சம் தணிக்கச் சொல்லுங்க" என்றது முள்.

"சாயங்காலம் லாரி வருது. இன்னிக்குன்னு பார்த்துத்தான் உனக்கு நோவு வரணுமா?"

தேவசேனா மீட்டரின் மண்டையில் நங்கென்று ஒரு குட்டு வைத்தாள். முள் நடுங்கிப் பச்சையில் விழுந்தது.

"அப்படியே கெட."

வால்வு சும்மா இருக்கவில்லை. "உஸ்ஸ்! முள் சொன்னது நெசம்!" என்று சீறியது. துணி எடுக்க வந்திருந்த வியாபாரிகள் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். தேவசேனாவுக்கு மானமே போனதுபோல் இருந்தது. பாய்லர் ஓட்டும் ஆறுச்சாமியைக் கூப்பிட்டு, வால்வின் வாயைக் கம்பி வைத்துக் கட்டச் சொன்னாள்.

ஆறுச்சாமி தயங்கினான். "அதைக் கட்டக் கூடாதுங்க மேடம்."

"இங்க முதலாளி நீயா, நானா?"

அவன் கட்டினான்.

அதற்கப்புறம் பட்டறை அடங்கிப் போனது. முள் பச்சையை விட்டு அசையவில்லை. ஆட்களும் அவளிடம் ஒரு புகாரும் கொண்டுவரவில்லை. "என் பட்டறையில பிரச்சனைன்னு ஒருத்தர் வாய் திறந்ததில்ல" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டாள்.

ஐப்பசியில் ஒரு நாள், பெரும்பாலான ஆட்கள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், பாய்லர் வெடித்தது.

அறையில் உட்கார்ந்திருந்த தேவசேனாவின் மேசைமேல் ஜன்னல் கண்ணாடி வந்து கொட்டியது. ஓடினாள். பின்பக்கத்துக்குக் கூரையே இல்லை. வெள்ளையாக ஆவி மூடியிருந்தது. அதற்குள்ளிருந்து நாலு பேர் ஆறுச்சாமியை ஒரு பலகையில் கிடத்தித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவள் ஓரடி வைத்தாள். காலில் ஏதோ இடறியது.

காலடியில் மீட்டர் கிடந்தது. முள் அப்போதும் பச்சையில்தான் நின்றது.

"பாவி... பொய் சொல்லிட்டியே!" என்று முள்ளைப் பார்த்துக் கத்தினாள்.

"நீங்க வந்து நின்னா, முதல்ல உங்க முகத்தைப் பார்ப்பேன்" என்றது முள். "அப்புறந்தான் அழுத்தத்தைப் பார்ப்பேன். நாளாக நாளாக அழுத்தத்தைப் பார்க்கறதையே விட்டுட்டேன்."

"வேற யாராவது சொல்லியிருக்கக் கூடாதா?"

கம்பி கட்டிய வாயோடு கிடந்த வால்வால் பேச முடியவில்லை. அலசல் பகுதி மேஸ்திரி ருக்குமணிதான் பேசினாள்.

"எல்லாருக்கும் தெரியுங்க. பதினோரு நாளா பாய்லர் மூட்டு வழியா ஆவி கசிஞ்சுட்டு இருந்துச்சு. உங்ககிட்ட யார் போய்ச் சொல்றதுன்னு சீட்டுக்கூட எழுதிப் போட்டோம்."

"யார் பேர் வந்துச்சு?"

"ஆறுச்சாமி பேருதானுங்க. நாலு தடவ உங்க ரூம் வாசல் வரைக்கும் வந்தான். நாலு தடவயும் திரும்பிப் போயிட்டான்."

தேவசேனா அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஆறுச்சாமிக்கு இரண்டு கையும் தோள்வரை கட்டுப் போட்டிருந்தார்கள்.

"வலிக்குதா?"

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பார்த்துவிட்டு, "இல்லீங்க மேடம்" என்றான்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாய்லர் வெடித்தபோதுகூட அப்படிப் போடவில்லை. 'எங்கிட்டயே பொய்யா?' என்று கோபம் தொண்டைவரை ஏறியது. அது ஏறுவதை அன்றுதான் முதல்முறையாகக் கவனித்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அது இறங்கும்வரை வாயைத் திறக்கவில்லை.

பிறகு சொன்னாள்: "வால்வைக் கட்டக் கூடாதுன்னு அன்னைக்கே சொன்னே. கேட்காதது என் தப்பு. இப்பவாச்சும் உள்ளதைச் சொல்லு ஆறுச்சாமி. நான் கத்த மாட்டேன்."

அவன் வெகுநேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் எழுந்து போகவில்லை.

"வலிக்குதுங்க" என்றான் கடைசியில். "தாங்க முடியலீங்க." சொல்லிவிட்டு, சின்னப் பிள்ளை மாதிரி தேம்பி அழுதான்.

தேவசேனா ஸ்டூலை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டாள். கேட்டுக்கொண்டிருந்தாள்.