முதல் தீபம் மேற்கே

நாட்டின் பெயரைவிட அதன் ஏரியின் பெயர் பெரிதாக இருந்த ஒரு காலத்தில், செம்படுகை நாட்டைக் கோதண்டராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். கெட்டவன் இல்லை. ஆனால் காதில் கடைசியாக யார் பேசினார்களோ அவர்கள் புத்திதான் அவன் புத்தி.

ஒருநாள் உச்சி வெயிலில் அவனுடைய பல்லக்கு தேர்வீதிக் கூட்டத்தில் சிக்கிக்கொண்டது. சந்தைச் சனம் முன்னேயும் போகவில்லை, பின்னேயும் நகரவில்லை. இத்தனை பேர் எங்கிருந்து முளைத்தார்கள் என்று ராஜா சீறினான்.

கூடவே வந்த பொக்கிஷதார் அம்பலவாணர் இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர். மந்திரி மாசிலாமணிக்குச் சபையில் இருந்த மதிப்பு அவர் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. மேற்கே மழை பொய்த்தபோது அந்த வறண்ட சீமைச் சனங்களை உள்ளே விட்டது மந்திரிதான் என்று எடுத்துக்கொடுத்தார். கால்வாய்க்கரையில் குடிசை போட்டார்கள், குடிசைக்குக் குடிசை பிள்ளை பெற்றார்கள், நம் தண்ணீரைக் குடித்து நம் சோற்றைத் தின்கிறார்கள், இப்படியே போனால் மகாராஜாவுக்குக் கால் வைக்கவும் இடம் இருக்காது என்றார்.

மாலைக்குள் உத்தரவு பிறந்தது. ஆடி அமாவாசைக்குள் மேற்கத்தியார் அத்தனை பேரும் எல்லையைத் தாண்டிவிட வேண்டும்.

உத்தரவைக் கேட்ட மாசிலாமணிக்குப் பொறுக்கவில்லை. அந்தக் கால்வாயை வெட்டியதே அவர்கள்தான். பாறையை உடைத்து, மண்சரிவில் ஆட்களைப் பறிகொடுத்து, ஆற்றை ஏரிவரை இழுத்து வந்தார்கள். அவர்கள் தோண்டிக்கொண்டிருந்தவரை இத்தனை பேரா என்று யாரும் தலை எண்ணவில்லை. தண்ணீர் வந்த பிறகு, அதை அவர்கள் குடிப்பது குற்றமாகிவிட்டது.

மந்திரி கால்வாய்க்கரைக்குப் போனார். காத்தாயி என்ற நிறைமாதக்காரி, வேப்பமரத்தடியில் நட்டிருந்த கல்லின் கீழே மண்ணைக் கிளறி முந்தானையில் முடிந்துகொண்டிருந்தாள். அவள் புருஷன் நாலு மாசத்துக்கு முன், கடைசி மண்சரிவில் போனவன்.

"என்னம்மா இது?" என்றார் மந்திரி.

"எங்க சாமி மண்ணு. ஊரை விட்டு வரும்போது ஒரு பிடி எடுத்தாந்து இங்க வச்சோம். பிள்ளைக்கு இங்கதான் முடி எடுக்கணும்னு அவரு சொல்லி வச்சிருந்தாரு. இப்ப இதைப் போற ஊருக்குக் கொண்டுபோறதா, இங்கயே விட்டுட்டுப் போறதா? நீங்க சொல்லுங்க. நீங்கதானே மந்திரி?"

பிழைப்புத் தேடிப் புறப்படுகிறவர்கள் குலசாமி கோயிலில் ஒரு பிடி மண் எடுத்து, போய்ச் சேர்ந்த ஊரில் அதை வைத்துப் புதுக்கோயில் கட்டிக்கொள்வார்கள். பிடிமண் என்று அதற்குப் பெயர். இது மந்திரிக்கும் தெரியும். அவள் கேட்டதை மனசில் உருட்டிக்கொண்டே தலை குனிந்து திரும்பி வரும் வழியில், அம்பலவாணரின் குலசாமி கோயில் திருவிழாவில் வருஷா வருஷம் பார்க்கிற ஒன்று அவர் நினைவுக்கு வந்தது. நடை வேகம் பிடித்தது.

மறுநாள் சபையில் அவர் உத்தரவை எதிர்க்கவில்லை. அது அரைகுறையாக இருக்கிறது என்றுதான் சொன்னார். யார் வந்தவர், யார் இருந்தவர் என்று நாளைக்கு வழக்கு வரும், ஆகவே ஒரு விதி வேண்டும். "பிடிமண் கொண்டுவந்து சாமி வைத்த குடும்பமெல்லாம் வந்த குடும்பம். அவர்கள் போகட்டும், மகாராஜா."

"மந்திரியாருக்கு இப்போதுதான் புத்தி தெளிந்திருக்கிறது" என்றார் அம்பலவாணர். "விதியில் விலக்கே கூடாது. யார் வீடானாலும் சரி."

"உங்கள் வீடானாலுமா?"

"என் வீடானாலும்தான்."

சபை சிரித்தது. ஏரிக்கரையில் மண்குதிரைகள் வரிசைகட்டி நிற்க, நடுவே வீற்றிருக்கும் அய்யனார் அல்லவா அவர் குலசாமி! அவரை எங்கிருந்தோ வந்த சாமி என்று யார் சொல்வார்கள்?

அமாவாசைக்கு முன் வந்த வெள்ளிக்கிழமை அந்தக் கோயிலில் திருவிழா. ராஜாவே வந்திருந்தான். பூசாரி கற்பூரம் ஏற்றினார். ஏற்றியவர் அய்யனாருக்கு முதுகைக் காட்டித் திரும்பி, மேற்கே வெறும் வானத்துக்குத் தீபம் காட்டினார். அதன் பிறகுதான் சாமிக்குக் காட்டினார். எல்லோரும் வழக்கம்போலக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"அங்கே யாருக்கப்பா முதல் தீபம்?" என்று மந்திரி கேட்டார்.

"தாய்க்கோயிலுக்குங்க. இந்தச் சாமிக்கு மண்ணு அங்கேயிருந்துதானே வந்துச்சு. பஞ்சத்துல பொக்கிஷதார் ஐயாவோட முப்பாட்டன் மடியில கட்டிக்கிட்டு நடந்தே வந்தாராம்."

அம்பலவாணர் முகத்தில் ஈயாடவில்லை. அது எந்தக் காலத்திலோ நடந்தது என்று முனகினார்.

"விதியில் காலம் ஒன்றும் போடவில்லையே. என் வீடானாலும் என்றீரே" என்று ராஜா வயிறு குலுங்கச் சிரித்தான். சிரித்துக்கொண்டே இருந்தவன் சட்டென்று நிறுத்தினான். அரண்மனை அம்மனுக்குத் தினமும் விளக்கேற்றுகிறவன் அவன்தான். ஏற்றியதும் முதலில் வடக்குச் சாளரத்துக்கு நேரே அதை உயர்த்திப் பிடிப்பதும் அவன்தான். ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

"மந்திரியாரே" என்றான், குரல் இறங்கி. "இந்த விதிப்படி இந்த நாட்டில் யார் மிஞ்சுவார்கள்?"

"ஏரித் தவளைகள், மகாராஜா. நாரைகள்கூட மிஞ்சாது. அவையும் வந்தவைதான்."

அங்கேயே உத்தரவு ரத்தானது. காத்தாயி கேட்ட கேள்வியை மந்திரி ராஜாவிடம் சொன்னார். அம்பலவாணர் தம் கையாலேயே காத்தாயியின் கல்லுக்கு மண் அணைத்து, வருஷந்தோறும் அதன் முதல் தீபத்துக்கு எண்ணெய் சுமந்து போக வேண்டும் என்று ராஜா தீர்ப்புச் சொன்னான். பிறகு தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட வந்தான். மாசிலாமணி கழுத்தை நீட்டவில்லை.

"பூசாரி மேற்கே திரும்பாமல் இருந்திருந்தால், அவர்களைத் துரத்தியது நியாயமாகியிருக்குமா, மகாராஜா? கால்வாய்க்குப் புருஷனைக் கொடுத்தவள் அதில் ஒரு கை தண்ணீர் அள்ள, நான் தந்திரம் செய்யவேண்டியிருந்தது. இதற்குப் பரிசு வாங்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது."

ராஜா மாலையைக் கையில் சுருட்டிக்கொண்டு பல்லக்கை நோக்கி நடந்தான்.

கால்வாய்க்கரையில் காத்தாயி முந்தானை முடிச்சை அவிழ்த்து மண்ணைத் திரும்பக் கொட்டினாள். அவள் பிள்ளைக்கு அந்த வேம்படியில்தான் முடி எடுத்தார்கள்.

அந்தக் கல் பிறகு பெரிய கோயிலாகி, கோபுரமும் எழும்பிவிட்டதாம். இன்றைக்கும் அங்கே முதல் தீபம் மேற்கேதான் காட்டுகிறார்களாம். ஏனென்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாதாம். கும்பிட்டு முடித்துப் படியிறங்கும்போது, தெற்கேயிருந்து மூட்டையோடு வந்து கரையில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்து, இத்தனை பேர் எங்கிருந்து முளைத்தார்கள் என்று முகம் சுளிக்கிறார்களாம்.