கைவிடாத தெளிப்பான்

2023ஆம் ஆண்டு ஜூலை மாதம் 19ஆம் நாள், புதன்கிழமை. மேகம் இருந்தது, மழை இல்லை. பாலக்காட்டுக் கணவாய்க்குக் கிழக்கே உள்ள அவ்வூரில் ஆடிக்காற்று, காவலர் பயிற்சித் திடலின் கொடிக்கயிற்றைக் கம்பத்தில் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது.

“மேடம், இதுல எது கைவிடாது? அதை மட்டும் சொல்லிப்போடுங்க.”

கேட்டவர் தலைமைக் காவலர் பொன்னுரங்கம், ஐம்பது வயதினர். கேட்கப்பட்டவர் பயிற்றுநர் செங்கமலம், உதவி ஆய்வாளர். அவரினும் பத்தொன்பது ஆண்டு இளையவர்.

மேசைமீது மூன்று மிளகுத் தெளிப்பான்கள் இருந்தன. ஒன்று புகைபோல் விரியும். ஒன்று தாரையாய்ப் பாயும். ஒன்று பசையாய் ஒட்டும். நிலையத்துக் காவலர் எண்மருக்கும் எது வேண்டும் என்பதை, நண்பகலுக்குள் பொன்னுரங்கம் எழுதித் தரவேண்டும்.

“போன தடவையும் நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க, ஏட்டையா?”

“ஆமாங்க. நம்ம ஸ்டேஷன் குழந்தைவேலு அதைத்தான் அடிச்சான், அரிவாளோட வந்த ஒருத்தன் மேல. மூஞ்சிலயே பட்டுச்சு. அப்படியும் அந்த ஆளு ஓடி வந்து அவன் மணிக்கட்டை வெட்டிப்போட்டான். இன்னும் அவனால சட்டைப் பொத்தான் போட முடியலீங்க.”

அவர் குரல் தாழ்ந்தது.

“மறுபடியும் நான் தப்பா எழுதக் கூடாதுங்க.”

செங்கமலம் மழையங்கியும் காப்புக் கண்ணாடியும் அணிந்தார். மரக்கத்தி ஒன்றை எடுத்து, அதன் விளிம்பில் சுண்ணக்கட்டியைத் தேய்த்தார்.

“டப்பாவுல காரம் இல்லை, பயிற்சிக்கு உள்ளது. கத்தி பட்டா உங்க சட்டையில கோடு விழும். ஏழு கெஜம் தள்ளி நிக்கறேன். வரட்டுமா?”

“வாங்க மேடம்!”

வந்தார், புயலாய் வந்தார். பொன்னுரங்கம் அடித்த புகையில் பாதியைக் காற்று கொண்டுபோயிற்று. பாதி அவர் முகத்தில் பட்டது. பொன்னுரங்கத்தின் மார்பில் வெள்ளைக்கோடு விழுந்தது.

“காத்துங்க! எல்லாம் காத்தாலதானுங்க!”

செங்கமலம் சுண்ணக்கட்டியை எடுத்தார். சிமெண்டுத் தரையில் குனிந்து, பொன்னுரங்கத்தின் காலணிகளைச் சுற்றி ஒரு வட்டம் வரைந்தார்.

“என்னங்க, கோலமா?”

“அடுத்ததை எடுங்க.”

இம்முறை தாரை நேராகப் பாய்ந்து நெற்றிப்பொட்டில் தெறித்தது.

“பட்டுருச்சு! பட்டுருச்சு!”

பொன்னுரங்கம் கூவி முடிக்குமுன் இரண்டாம் கோடு விழுந்தது. வேலியோரம் நின்ற காவலர்கள் கைதட்டினர்.

“ஏட்டையா, மேடம் உங்களுக்கு நல்லா நாமம் போட்டுட்டாங்க!”

“சும்மா இருங்கடா! மேடம், இது நியாயமில்லீங்க. பட்டதுக்கு நீங்க விழுந்திருக்கணும்!”

“குழந்தைவேலுவை வெட்டுன ஆளு விழுந்தானா?”

அவர் மீண்டும் குனிந்து வட்டம் வரைந்தார்.

மூன்றாவது, பசை. கண்ணாடி முழுவதையும் அது மூடிற்று. செங்கமலத்துக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆயினும், புறப்பட்ட திசையிலேயே ஓடி வந்தார். மூன்றாம் கோடும் விழுந்தது.

கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மூன்றாம் முறையாக வட்டம் வரைந்தார்.

பொன்னுரங்கத்துக்குச் சினம் மூண்டது.

“மூணும் ஒதவாதுங்க! டப்பா சரியில்லை மேடம், ஆளு சரியாத்தான் நிக்கறேன். இருபத்தாறு வருசமா பந்தோபஸ்து லைன்ல நின்னவன் நான். கல்லு வந்து விழுந்தாலும் ஒரு அடி நகராம...”



அவர் குனிந்து பார்த்தார்.

மூன்று வட்டங்களும் ஒன்றன்மேல் ஒன்றாய், ஒரே வட்டமாய்க் கிடந்தன. அதன் நடுவே அவருடைய கால்கள் இருந்தன.

“அடப் பாவமே!” என்று கத்தியபடி அவர் வட்டத்தைவிட்டு வெளியே குதித்தார். “மேடம்! இன்னொருக்கா வாங்க! ஓடி வாங்க!”

“எந்த டப்பா வேணும், ஏட்டையா?”

“எதுனாலும் குடுங்க!”

நண்பகலுக்குச் சற்று முன்னர், காற்றில் குறைவாகச் சிதறும் தாரை வகையைப் பொன்னுரங்கம் எழுதிக் கொடுத்தார். அடித்தவுடன் விலகிப் பழக, வாரம் மூன்று நாள் எண்மரையும் திடலுக்கு அனுப்ப வேண்டும் என்றும் எழுதினார். அக்டோபர் 9ஆம் நாள், திங்கட்சந்தையில் ஒருவன் அரிவாளுடன் அவர்மீது பாய்ந்தான். தெளிப்பு அவனது ஒரு கன்னத்தில் மட்டுமே பட்டது. பொன்னுரங்கம் நின்றிருந்த இடத்தில் அரிவாள் இறங்கியது. அதற்குள் அவர் அவனுடைய வலப்புறம் சென்றிருந்தார். காவலர் இருவர் அவன் கையைப் பிடித்தனர். விலங்கு பூட்டியபின், அவன் கண்களைக் கால்மணி நேரம் நீரால் கழுவினர். எவருக்கும் காயமில்லை.